ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள்

குழந்தை அளவாக இருக்கிறதா, குண்டாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பல வருடம் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்தவள் நான். இப்போது டெல்லி முனிர்காவில் ஒரு மழலையர் பள்ளியில் பிள்ளைகளின் உடல்நலப் பதிவேட்டைக் கவனித்துக்கொள்கிறேன். இத்தனை பிள்ளைகளைத் தூக்கி இறக்கிய பிறகும் என் கண்ணை மட்டும் நம்பி நான் எதுவும் சொல்வதில்லை. உப்பிய கன்னத்தோடு வருகிற பிள்ளை அளவான எடையில் இருக்கும். "இவன் எதுவுமே சாப்பிடுவதில்லை சிஸ்டர்" என்று அம்மா குறைபட்டுக்கொள்ளும் பிள்ளை அதிக எடையில் இருக்கும்.

எங்களிடம் வரும் தமிழ்ப் பிள்ளைகளில் ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பிலிருந்து வருபவர்கள் உண்டு, முனிர்கா அடுக்குமாடிகளிலிருந்து வருபவர்கள் உண்டு, அந்த அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகளும் உண்டு. அதிக எடை பணக்கார வீட்டுச் சங்கதி என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் அதிக எடை உள்ளவர்கள் 2015–16இல் 2.1 சதவீதம், 2019–21இல் 3.4 சதவீதம். அதே 2019–21 கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 35.5 சதவீதம். இந்த இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கவும் கூடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உயரம். எல்லோரும் எடையில்தான் குறியாக இருப்பார்கள். உயரத்தை அவசரமாக அளந்து முடிப்பார்கள். ஆனால் கணக்கைப் புரட்டிப்போடுவது உயரத்தில் வரும் பிழைதான். பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண் என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது. நான்கு வயதுப் பையன் ஒருவன் 19.4 கிலோ, 104 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டெண் 17.9. அவன் முழங்காலைச் சற்று மடக்கி நின்றதால் 102.5 செ.மீ. என்று எழுதிவிட்டால் அதுவே 18.5 ஆகிவிடும். நான்கு வயதுப் பையனுக்கு அதிக எடை தொடங்கும் கோடு 18.2. ஒன்றரை சென்டிமீட்டர் பிழை, ஒரு குடும்பத்தைக் காரணமில்லாமல் கவலையில் தள்ளிவிடும்.

டெல்லி அடுக்குமாடி வீடுகளில் சுவரின் அடியில் டைல்ஸ் பட்டை ஒன்று விரல் அகலத்துக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் குதிகாலை ஒட்டி நிற்க வைத்தால் முதுகு சுவரில் படாது. பிள்ளை பின்னால் சாய்ந்துவிடும். பட்டை இல்லாத சுவரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மூடி வைத்த மரக் கதவு போதும். தையல் டேப் நாளாக ஆக நீண்டுவிடும் என்பதால் இரும்பு டேப்பை ஒட்டுங்கள். பூஜ்ஜியம் தரையில் தொடங்க வேண்டும். நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டால் டேப் நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பள்ளி, அங்கன்வாடி என்றால் உயரம் அளக்கும் பலகை வாங்கிவிடுவதே சரி.

பிள்ளையின் செருப்பு, சாக்ஸ் இரண்டையும் கழற்றுங்கள். உச்சிக் கொண்டை, ஹேர்பேண்ட், பூ எதுவும் வேண்டாம். பின்னல் மண்டையின் பின்புறம் மேடாக இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். குதிகால், கெண்டைக்கால், புட்டம், தோள்பட்டை எலும்பு, பின்தலை ஆகியவை சுவரில் பட வேண்டும். தொப்பை பெரிதாக உள்ள பிள்ளைக்கு எல்லாம் ஒன்றாகப் படாது. முடிந்தவரை போதும், உடம்பு நேராக இருந்தால் சரி. கண் குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பிள்ளை நேரே பார்க்க வேண்டும். எதிரே ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் தானாகவே பார்க்கும். தலைமேல் புத்தகத்தை வைத்தால் சாய்ந்துவிடும். செவ்வகமான மரப்பெட்டி ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் சுவரோடு ஒட்ட, அடிப்பக்கம் முடியை அழுத்தித் தலையில் படும்படி இறக்குங்கள். உங்கள் கண் அந்த எண்ணின் மட்டத்துக்கு வரும்படி குனிந்து, மில்லிமீட்டர் வரை படியுங்கள்.

இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் முழந்தாளிட்டுப் பிள்ளையின் முழங்காலையும் கணுக்காலையும் பிடிக்க வேண்டும், மற்றவர் தலையைப் பார்க்க வேண்டும். தனியாக அளப்பவரால் இரண்டையும் கவனிக்க முடியாது. காலையிலேயே அளந்துவிடுங்கள்; ஓடியாடி முடித்த மாலையில் உயரம் கொஞ்சம் குறைவாகவே காட்டும். ஒருமுறை அளந்ததும் பிள்ளையை நகரச் சொல்லி மறுபடி நிற்க வைத்து அளங்கள். இரண்டு அளவுக்கும் இடையே 7 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். எடைக்கு அந்த வரம்பு 100 கிராம்.

இந்த வரம்புகளை நானாகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகளுக்கான ஆய்வில் கடைப்பிடித்தவை. "வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட அட்டவணை நம் பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்காத தாத்தா இல்லை. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகியவற்றோடு இந்தியாவும் அந்த ஆறில் ஒன்று. இந்தியாவில் அளந்த இடம் நம்முடைய தெற்கு டெல்லிதான். தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகள் எந்த நாட்டில் பிறந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறார்கள் என்பதை அந்த ஆய்வு காட்டியது. இதைச் சொன்னதும் தாத்தாக்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

இரண்டு வயது நிறையாத பிள்ளையைப் படுக்க வைத்துத்தான் நீளம் அளக்க வேண்டும். நிற்க வைத்து அளந்திருந்தால் 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நிறைந்த பிள்ளை நிற்க அடம் பிடித்துப் படுக்க வைத்து அளக்க நேர்ந்தால் அதே 0.7ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி எடை. டெல்லியில் இதற்கு முதல் எதிரி குளிர்காலம். டிசம்பர், ஜனவரியில் பிள்ளை உள்ளே தெர்மல், மேலே சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட், கீழே கம்பளிப் பேன்ட், குல்லாய், ஷூ என்று வந்து நிற்கும். அத்தனையையும் தனியே தராசில் வைத்துப் பாருங்கள், ஒரு கிலோவை நெருங்கும். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு பிள்ளை ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோதான் கூடும். அப்படியானால் உடுப்போடு எடை போடுவது ஆறு மாத வளர்ச்சியைப் பொய்யாகச் சேர்ப்பதற்குச் சமம். ஏப்ரலில் உடுப்பு குறைந்ததும் "பிள்ளை இளைத்துவிட்டதே" என்று வீடு பதறும். அந்தப் பதற்றத்தில் ஊட்டப்படும் கூடுதல் உணவுதான் எனக்குக் கவலை.

ஹீட்டர் போட்டு இதமாக்கிய அறையில் பனியன், ஜட்டியோடு எடை போடுங்கள். அது முடியாத வீட்டில், பிள்ளை என்ன போட்டுக்கொண்டு நின்றதோ அதே உடுப்பை மாலையில் கழற்றியதும் தராசில் வைத்துக் கழித்துவிடுங்கள். கொலுசு, அரைஞாண் இருக்கட்டும். சில கிராம்களுக்காகப் பாட்டியின் மனத்தை நோகடிக்க வேண்டாம்.

தராசு டிஜிட்டலாக, 100 கிராம் வரை காட்டுவதாக இருக்க வேண்டும். விரிப்பின் மேலோ மெத்தை மேலோ வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். தராசு சரியா என்று பார்க்க, பிரிக்காத ஐந்து கிலோ ஆட்டா பைகள் இரண்டை வைத்துப் பாருங்கள். பத்துக்கு மேலே சில கிராம் பையின் எடை, அவ்வளவுதான் வர வேண்டும். ஒவ்வொரு அளவை நாளும் இதைச் செய்தால், பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் தராசு உங்களை ஏமாற்ற முடியாது. பிள்ளை சிறுநீர் கழித்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் எடை போடுவது நல்லது.

தராசைக் கண்டு பயப்படும் பிள்ளைகள் உண்டு. எங்கள் வகுப்பில் மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஒற்றைக் காலை மட்டும் தராசில் வைத்து, மற்றக் காலைத் தரையிலிருந்து எடுக்கவே மாட்டாள். அவளுடைய துணிப் பொம்மையை முதலில் தராசில் உட்கார வைத்து, அதன் எடையை அவள் பெயர் எழுதிய நோட்டிலேயே அவள் பார்க்க எழுதினேன். பொம்மையை இறக்கிவிட்டுத் தானே ஏறி நின்றாள். அப்படியும் ஏறாத பிள்ளைக்கு ஒரு வழி: அம்மா தராசில் ஏறி நிற்கட்டும், தராசைப் பூஜ்ஜியமாக்குங்கள், பிறகு பிள்ளையை அவர் கையில் கொடுங்கள். அந்த வசதி இல்லாத தராசில் அம்மாவைத் தனியாகவும் பிள்ளையோடு சேர்த்தும் எடை போட்டுக் கழிக்கலாம், ஆனால் பிழை கொஞ்சம் கூடும்.

வயதை மாதக் கணக்கில், பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். நம் வீடுகளில் நட்சத்திரப் பிறந்தநாளைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். அது ஆங்கிலத் தேதியிலிருந்து வாரக்கணக்கில் தள்ளிப் போகும்.

இப்போது எண்களை வாசிப்போம். மருத்துவர்கள் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு உயரத்துக்கேற்ற எடை என்ற வரைபடத்தைப் பார்ப்பார்கள். வயதுக்கேற்ற பி.எம்.ஐ. வரைபடமும் ஏறக்குறைய அதே விடையைத் தரும். வீட்டில் கணக்குப் போட இது எளிது. பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று தனித்தனி வரைபடம் உண்டு. நடுக்கோடு பூஜ்ஜியம், அதற்கு மேலே 1, 2, 3 என்று கோடுகள். ஐந்து வயதுக்குக் கீழே 1ஆம் கோட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நிலை, 2ஐத் தாண்டினால் அதிக எடை, 3ஐத் தாண்டினால் உடல் பருமன். சரியாக நான்கு வயது நிறைந்த பையனுக்கு நடுக்கோடு 15.3, மேல் கோடுகள் முறையே 16.7, 18.2, 19.9. பெண்ணுக்கு நடுக்கோடு அதே 15.3, மேல் கோடுகள் 16.8, 18.5, 20.6. இந்த எண்கள் அந்த வயதுக்கு மட்டும்தான். உங்கள் பிள்ளையின் மாதத்துக்கு உரியதை அட்டவணையில் பாருங்கள்.

கைப்பேசியில் கிடைக்கும் பொதுவான பி.எம்.ஐ. செயலியில் மட்டும் பிள்ளையின் அளவைப் போடாதீர்கள். அவை பெரியவர்களுக்கானவை, 18.5க்குக் கீழே எது வந்தாலும் எடை குறைவு என்று சொல்லிவிடும். 18.4 உள்ள நான்கு வயதுப் பையன் உண்மையில் அதிக எடையில் இருக்கிறான். செயலியை நம்பும் வீட்டில் அவனுக்கு இன்னொரு கவளம் நெய்ச்சோறு ஊட்டப்படும்.

தாய் சேய் அட்டையில் உள்ள வயதுக்கேற்ற எடை வரைபடமும் இதற்குப் போதாது. உதாரணமாக நான்கு வயதுப் பையன், எடை 16.3 கிலோ. அந்த வரைபடத்தில் அவன் புள்ளி பச்சைப் பகுதியின் நடுக்கோட்டில் கச்சிதமாக விழும். எல்லோரும் திருப்தியோடு அட்டையை மூடிவிடுவார்கள். அவன் உயரம் 94 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் நடுக்கோடு 103.3 செ.மீ.; 94.9க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றிய நிலை. அவன் குறியீட்டெண் 18.4, அதாவது அதிக எடை. முன்பு நான் சொன்ன இரட்டைச் சிக்கல் இதுதான். நெடுநாள் சத்துக் குறைவால் உயரம் நின்றுவிட்ட பிள்ளைக்கு, பிஸ்கட்டும் பாக்கெட் நொறுக்குத் தீனியும் மாவுச்சத்தும் எடையை மட்டும் ஏற்றிவிடுகின்றன. எடையை மட்டும் பார்ப்பவர் இந்தப் பிள்ளையைத் தவறவிட்டுவிடுவார். உயரம் அளக்காமல் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கையின் சுற்றளவு அளக்கும் வண்ண டேப் மெலிவைக் கண்டுபிடிக்க வந்தது. அதைப் பருமனுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஒரு நாள் அளவு ஒரு புள்ளி மட்டுமே. புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதுதான் செய்தி. எல்லாப் பிள்ளைகளையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், 1ஆம் கோட்டைத் தாண்டியவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் அளக்கிறேன். வாராவாரம் எடை போட வேண்டாம். அதனால் பயம்தான் வளரும். பிள்ளை தன் கோட்டை ஒட்டியே போனால், அது நடுக்கோட்டுக்கு மேலே இருந்தாலும் நிம்மதியாக இருக்கலாம். இரண்டு அளவைகளுக்கிடையே ஒரு கோட்டை மேல்நோக்கிக் கடந்தால் அன்றே மறுபடி அளந்து உறுதி செய்துகொண்டு பெற்றோரைக் கூப்பிடுகிறேன்.

இந்த வயதில் இயற்கையாக நடப்பது ஒன்றைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு குறியீட்டெண் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். ஐந்து, ஆறு வயது வாக்கில் அது அடிமட்டத்துக்குப் போய், பிறகுதான் ஏறத் தொடங்கும். மூன்று, நான்கு வயதில் பிள்ளையின் தொப்பை கரைந்து, விலா எலும்பு லேசாகத் தெரிவது பெரும்பாலும் ஆரோக்கியமான வளர்ச்சிதான். ஆனால் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் பாட்டி, "என்னடி, பிள்ளையைப் பட்டினி போடுகிறாயா?" என்று கேட்பார், டெல்லிக்குத் திரும்பும்போது பெட்டியில் சத்துமாவோடு இனிப்புக் கலந்த ஊட்டச்சத்துப் பவுடரும் வந்துவிடும். இறங்க வேண்டிய வயதில் கோடு ஏறத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும். ஐந்து வயதுக்கு முன்பே ஏற்றம் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்பு அதிகம்.

முடிவைச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். பிள்ளையின் எதிரில் சொல்லாதீர்கள். 'குண்டு' என்ற பேச்சு வகுப்பறையில் எழவே கூடாது. எண்களைப் பலகையில் ஒட்டக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. காகிதத்தில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுங்கள். பிள்ளையை எடை போட்டால் கண் படும் என்று அஞ்சும் பாட்டிகளிடம் நான் வாதாடுவதில்லை. அவர்களையே உதவிக்குக் கூப்பிட்டு, பேரனின் முழங்காலைப் பிடிக்கச் சொல்கிறேன். உயரம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று முதலில் அவர்களிடம்தான் சொல்கிறேன். அடுத்த முறை நினைவுபடுத்தி அழைத்து வருபவர்களும் அவர்கள்தான்.

அதிக எடை என்று உறுதியானாலும் இந்த வயதில் பிள்ளையை இளைக்க வைக்க முயலக் கூடாது. எடை ஏறும் வேகத்தை மட்டுப்படுத்தினால் உயரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 104 செ.மீ., 20.5 கிலோ உள்ள பிள்ளையின் எண் கிட்டத்தட்ட 19. ஓராண்டில் அரைக் கிலோ மட்டும் கூடி உயரம் 110 ஆனால் எண் 17.4க்கு வந்துவிடும். பட்டினி இல்லாமல், அழுகை இல்லாமல்.

எங்கே மட்டுப்படுத்துவது? பெரும்பாலான வீடுகளில் நான் முதலில் கேட்பது பாலைப் பற்றி. ஃபுல் கிரீம் பாலில் 6 சதவீதம் கொழுப்பு; டோன்டு பாலில் 3. காலையும் மாலையும் இரவும் பெரிய டம்ளரில் ஃபுல் கிரீம் பால், சர்க்கரை, சாக்லேட் பவுடர் என்று போனால், அந்தப் பிள்ளை சோற்றைத் தள்ளிவிடாமல் என்ன செய்யும்? "எதுவுமே சாப்பிடுவதில்லை" என்ற புகாரின் பின்னால் பல நேரம் இந்தப் பால்தான் இருக்கிறது. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், புட்டி வேண்டாம். அடுத்தது கைப்பேசியைக் காட்டி ஊட்டுவது. திரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கும் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியாது. கையால் பிசைந்து தானே சாப்பிடட்டும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

மூன்று, நான்கு வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: நாளொன்றுக்கு 180 நிமிடம் உடல் அசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் ஓட்டம், திரை ஒரு மணி நேரத்துக்குள், தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். நவம்பரில் காற்று நச்சாகி, பூங்கா மூடிக் கிடக்கும் டெல்லியில் இது எளிதல்ல, தெரிந்தேதான் சொல்கிறேன். அந்த வாரங்களில் கூடத்து நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடுங்கள். கண்ணாமூச்சி, பாட்டுப் போட்டு ஆட்டம் என்று மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்: 3ஆம் கோட்டைத் தாண்டிய எண், கழுத்திலும் அக்குளிலும் தடித்துக் கறுத்த தோல், குறட்டையோடு நடுவில் மூச்சு நின்று தொடங்குவது, நொண்டி நடப்பது, பேச்சும் நடையும் பிந்துவது, அடங்காத பசி. ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். எடை அதிகமாகவும் உயரம் குறைவாகவும் உள்ள பிள்ளையைக் கட்டாயம் காட்ட வேண்டும். வெறும் உணவால் எடை கூடிய பிள்ளை பொதுவாக வயதுக்குச் சற்று உயரமாகவே இருக்கும். குள்ளமாக இருந்தால் ஹார்மோன் கோளாறு உண்டா என்று மருத்துவர் பார்ப்பார்.

ஐந்து வயது நிறைந்ததும் அளவுகோல் மாறும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அதன்பின் 1ஆம் கோட்டைத் தாண்டினாலே அதிக எடை, 2ஐத் தாண்டினால் பருமன். ஐந்து வயது ஒரு மாதமான பையனுக்கு அந்த 1ஆம் கோடு 16.6; பெண்ணுக்கு 16.9. போன மாதம் கவனிக்க வேண்டிய நிலையில் இருந்த பிள்ளை, ஒரு கிராம் கூடாமலே இந்த மாதம் அதிக எடை என்று எழுதப்படும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பலர் ஐந்து வயதுக்கு மேல் 2015இல் வந்த இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வரைபடத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் கோடுகளின் பெயரும் வேறு. ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது எந்த வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய அளவுகள் தேதியோடு எழுதிய நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.